டெஸ்க்டாப் நிரலாக்கம் கற்க: எந்த ஃபிரேம்வொர்க்கின் மாதிரி நிரல்கள் கைகொடுக்கும்?

விண்டோ, பட்டன் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் டெஸ்க்டாப் ஃபிரேம்வொர்க்குகளில் கியூட்டியா, ஜிடிகேயா, டபிள்யூபிஎஃப்பா, டிகின்டரா என்று கேட்டால் வேகம், உரிமம், தோற்றம் என்றுதான் பதில் வரும். தானாக உட்கார்ந்து கற்பவருக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி உண்டு. அந்த ஃபிரேம்வொர்க்கோடு வரும் மாதிரி நிரல்களைத் திறந்து, ஓட்டி, உடைத்துப் பார்த்தே எவ்வளவு தூரம் போக முடியும்? இந்த நான்கையும் இங்கே அந்த ஒரு அளவுகோலில் மட்டும் வைத்துப் பார்க்கிறோம்.

மாதிரி நிரல்களில் மூன்று ரகம் உண்டு. எல்லா விட்ஜெட்டையும் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்பு) வரிசையாக அடுக்கிக் காட்டுவது கண்காட்சி ரகம். எந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள அது போதும். நிரல் எழுத வராது. வெறும் விண்டோவில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒன்றைச் சேர்ப்பது படிக்கட்டு ரகம். எதற்குப் பின் எது, ஏன் என்பது அதில்தான் புரியும். மூன்றாவது, சிறியதானாலும் நிஜமாகவே ஒரு வேலையைச் செய்யும் முழு நிரல். எங்கே அடி விழும் என்பதை அதுதான் காட்டும். நான்கு ஃபிரேம்வொர்க்கிலும் கண்காட்சிக்குப் பஞ்சமில்லை. வித்தியாசம் மற்ற இரண்டில்தான்.

முதல் முறையாகக் கற்பவருக்கு, மொழி சி++ ஆனாலும் பைத்தான் ஆனாலும், நாங்கள் கைகாட்டுவது கியூட்டி. (அதை உருவாக்கியவர்கள் சொல்வது 'கியூட்'; நம் ஊரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.) காரணம், அதில் ஒரு நாளில் படித்து முடிக்கக்கூடிய முழு நிரல்கள் நிறைய.

கியூட்டிக்கென்றே உள்ள நிரல் எழுதும் கருவியான கியூட்டி கிரியேட்டரின் முகப்பில் எக்ஸாம்பிள்ஸ் என்ற பகுதி இருக்கிறது. தேடினால் கால்குலேட்டர், நோட்பேட், டெக்ஸ்ட் எடிட், அனலாக் கிளாக், மாண்டல்பிராட் என்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானோர் டெக்ஸ்ட் எடிட்டைத் திறந்து, டூல்பார், அச்சு, எழுத்துரு எல்லாம் ஒரே கோப்பில் குவிந்திருப்பதைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். கால்குலேட்டரில் தொடங்குங்கள். அதில் இரண்டே வகுப்புகள்: பட்டன், கால்குலேட்டர்.

முதலில் அதை ஓட்டி, விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெரிதாகாது. விட்ஜெட்டுகளை இடம் பிரித்து அடுக்கும் லேஅவுட்டில் 'செட்சைஸ்கன்ஸ்ட்ரெயின்ட்' என்ற வரி 'செட்ஃபிக்ஸ்ட்சைஸ்' என்று கட்டிப் போட்டிருப்பதுதான் காரணம். அந்த ஒரு வரியை நீக்கி மறுபடி ஓட்டினால், இழுக்கும்போது பட்டன்கள் எப்படி நீள்கின்றன, காட்சிப்பெட்டி எப்படி ஆறு நெடுவரிசையையும் பிடித்து நிற்கிறது என்பது தெரியும். கட்ட லேஅவுட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது சீக்கிரம் பதியும்.

அடுத்து, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு 2 + 3 × 4 = என்று அழுத்துங்கள். விடை 14 வரும். கைக்கால்குலேட்டர் பலவற்றில் 20 வரும். இதில் கூட்டலுக்கு ஒரு மாறி, பெருக்கலுக்கு ஒரு மாறி தனித்தனியாக இருப்பதே காரணம். 2 + அழுத்தியதும் 'சம்சோஃபார்' 2 ஆகிறது, நிலுவைக் கூட்டல்குறி + ஆகிறது. 3 × அழுத்தியதும் 'ஃபேக்டர்சோஃபார்' 3 ஆகிறது. கூட்டல் அப்படியே காத்திருக்கிறது. 4 = வந்ததும் முதலில் 12, பிறகு 14. 'வெயிட்டிங்ஃபார்ஆப்பரண்ட்' என்ற பூலியன் (ஆம்/இல்லை மாறி), அடுத்த இலக்கம் பழைய எண்ணோடு ஒட்ட வேண்டுமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா என்று சொல்கிறது. இலக்க ஸ்லாட்டில் (பட்டனை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷன்) அதைச் சோதிக்கும் வரிகளை எடுத்துவிட்டு 2 + 3 அழுத்தினால், தொடக்கத்திலிருந்த 0வும் சேர்ந்து, திரையில் 023 நிற்கும். இடைமுக நிரலில் பாதி வேலை இப்படி 'இப்போது எந்த நிலையில் இருக்கிறோம்' என்பதைக் காப்பாற்றுவதுதான். அதை இவ்வளவு சின்ன இடத்தில் காட்டும் மாதிரி வேறு ஃபிரேம்வொர்க்கில் அரிது.

இனி ஒரு விஷமம். இலக்கப் பட்டன்களின் பெயர்களை ௧, ௨, ௩ என்று தமிழ் இலக்கங்களாக மாற்றி ஓட்டுங்கள். பட்டன்களில் அழகாகத் தெரியும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இலக்க ஸ்லாட் 'சென்டர்' மூலம் அழுத்தப்பட்ட பட்டனைக் கண்டுபிடித்து, அதன் மேலுள்ள எழுத்தையே 'டுஇன்ட்' போட்டு எண்ணாக்குகிறது. அந்த மாற்றம் எப்போதும் சி லொகேல் என்ற, நாடு-மொழி சாராத அடிப்படை அமைப்பில்தான் நடக்கும். தமிழ் இலக்கம் அதற்குத் தெரியாது, 0 என்று திருப்பித் தரும். திரையில் ஏற்கெனவே 0 இருக்க, வந்ததும் 0 என்றால் எதுவும் செய்யாதே என்று ஸ்லாட்டின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வேறு இருக்கிறது. ஆகவே மௌனம். சரிசெய்ய, பட்டனை உருவாக்கும்போதே 'செட்பிராப்பர்ட்டி' மூலம் எண்ணைத் தனியாக ஒட்டிவைத்து ஸ்லாட்டில் அதைப் படிக்கலாம், அல்லது ஒவ்வொரு பட்டனுக்கும் எண்ணைப் பிடித்துவைத்த லாம்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) இணைக்கலாம். திரையில் தெரிவதையும் உள்ளே இருக்கும் மதிப்பையும் ஒன்றாகக் கட்டக்கூடாது என்ற பாடம் இதில் தானாக வந்துவிடுகிறது. அதிகாரபூர்வ மாதிரி என்பதாலேயே எல்லாம் பின்பற்றத் தக்கது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதும்.

கியூட்டியில் புதியவர் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். சொந்தமாக ஒரு வகுப்பைச் சேர்த்து கியூ_ஆப்ஜெக்ட் மேக்ரோ போட்டதும், லிங்க் ஆகும்போது விடேபிள் இல்லை என்று எரர் வரும். மோக் என்ற முன்செயலி அந்தக் கோப்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஹெடர் கோப்பு, நிரலைக் கட்டும் கருவியான சிமேக்கின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சிமேக்கை மறுபடி ஓட்ட வேண்டும். வகுப்பையே மெயின் சிபிபி கோப்புக்குள் எழுதியிருந்தால் அதன் கடைசியில் மெயின்.மோக் கோப்பை இன்குளூட் செய்ய வேண்டும். கால்குலேட்டரில் பழகிய கையோடு மெயின்விண்டோ வகுப்பில் நேராக 'செட்லேஅவுட்' போட்டால், ஏற்கெனவே லேஅவுட் இருக்கிறது என்ற எச்சரிக்கையும் வெற்று விண்டோவும் வரும். மெயின்விண்டோவுக்குச் சொந்தமாகவே ஒரு லேஅவுட் உண்டு. உங்கள் லேஅவுட்டை ஒரு சாதாரண விட்ஜெட்டில் வைத்து, அதை 'செட்சென்ட்ரல்விட்ஜெட்' வழியாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பெற்றோர் விட்ஜெட் அழியும்போது பிள்ளைகளையும் அழிக்கும். மெயின் ஃபங்ஷனில் இரண்டையும் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் தானாக அழியும் நினைவகம்) வைத்து, பிள்ளையை முதலிலும் பெற்றோரைப் பிறகும் அறிவித்து, பின் பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைத்தால், மூடும்போது நிரல் விழும். கடைசியில் அறிவித்த பெற்றோர் முதலில் அழிந்து பிள்ளையையும் அழித்துவிட, ஸ்டாக் அதே பிள்ளையை இரண்டாம் முறை அழிக்கப் போகிறது. பெற்றோரை முதலில் அறிவித்தால் சிக்கல் இல்லை.

நிறுவுவதில் இரண்டு தொல்லைகள். ஆன்லைன் இன்ஸ்டாலருக்கு கியூட்டி கணக்கு வேண்டும். டெபியன், உபுண்டுவில் இருப்பவர்கள் அதைத் தவிர்த்து கியூட்டி6-பேஸ்-எக்ஸாம்பிள்ஸ் பேக்கேஜை நேராகப் போடலாம். லினக்ஸில் கியூட்டி 6.5 முதல், பிளாட்ஃபார்ம் பிளகின் தொடங்கவில்லை என்று சொல்லி நிரல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 இருக்கிறதா என்பது. மாதிரிகள் எழுத முடியாத கோப்புறையில் இருந்தால் கியூட்டி கிரியேட்டரே நகலெடுக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுங்கள். மூலத்தைத் தொடாமல் உடைத்து விளையாட அதுதான் வழி.

ஜிடிகேயின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் ஜிடிகே-4-எக்ஸாம்பிள்ஸ் பேக்கேஜைப் போட்டால் ஜிடிகே4-டெமோ, ஜிடிகே4-விட்ஜெட்-ஃபேக்டரி இரண்டும் வந்துவிடும். டெமோவில் இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விளக்கமும் மூலநிரலும், மேலே ஓட்டும் பட்டன். எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. கண்காட்சி ரகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்ஸ்பெக்டர் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவில் ஒரு விட்ஜெட்டைச் சுட்டி அதன் ஓரவெளியை அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். குறுக்குவிசை வேலை செய்யாவிட்டால் ஜிடிகே_டீபக் சூழல்மாறியில் இன்டராக்டிவ் என்று கொடுத்து நிரலைத் தொடங்குங்கள்.

படிக்கட்டும் ஜிடிகேயில் உண்டு. மூலநிரலின் எக்ஸாம்பிள்ஸ் கோப்புறையில் அப்ளிகேஷன்1, அப்ளிகேஷன்2 என்று எண்ணிட்ட கோப்புறைகள். வெறும் விண்டோ, பிறகு கோப்பு திறத்தல், மெனு, விருப்பத்தேர்வு விண்டோ, தேடல்பட்டை என்று ஏறிக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு கோப்புறைகளை டிஃப் போட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் பார்ப்பதுதான் சரியான படிப்பு: ஒரு வசதியைச் சேர்க்க எந்தெந்தக் கோப்பில் கை வைக்க வேண்டும் என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விருப்பத்தேர்வுப் படிக்கு வந்ததும், அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ஜிசெட்டிங்ஸ் நுழைகிறது. மெயின் சி கோப்பில், அமைப்புத்திட்டத்தை (ஸ்கீமா) தற்போதைய கோப்புறையிலேயே தேடு என்று சூழல்மாறியை நிறுவும் ஒரு வரி உண்டு. நிறுவப்பட்ட செயலிக்கு இது வேண்டாம் என்ற குறிப்பும் அதன் மேலேயே இருக்கும். கம்பைல் ஆன நிரலை வேறு கோப்புறையில் நின்றுகொண்டு ஓட்டினாலோ, அந்த வரியை விட்டுவிட்டு உங்கள் புராஜெக்ட்டுக்கு நகலெடுத்தாலோ, ஸ்கீமா நிறுவப்படவில்லை என்ற ஒரே செய்தியோடு நிரல் செத்துவிடும். பிடித்துச் சமாளிக்கக்கூடிய எரர் இல்லை அது, நேராக அபார்ட். ஸ்கீமாவைக் கம்பைல் செய்த கோப்பு எங்கே இருக்கிறது, நிரல் எங்கே தேடுகிறது என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

ஜிடிகேயில் பழைய பாடங்கள் தரும் தொல்லையும் பெரிது. ஜிடிகே4 வந்தது 2020 டிசம்பரில். ஜிடிகே3க்கான பாடங்கள் இன்னும் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. அவற்றிலுள்ள கன்டெய்னர்_ஆட், ஷோ_ஆல், ஜிடிகே_மெயின் மூன்றுமே 4இல் கிடையாது. 4.10இல் ட்ரீவியூ, காம்போபாக்ஸ், டயலாக் ஆகியவையும் கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்ந்தன. 2020ஐ ஒட்டி எழுதிய ஜிடிகே4 பாடம்கூட இன்று முழுக்கச் சரியாக இராது. டெமோவையே ஆதாரமாக வையுங்கள்; அது நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்போடு சேர்ந்தே வருவது. மாதிரிகள் சியில் இருப்பது பைத்தான்காரர்களுக்குச் சிரமம். அவர்களுக்கு லினக்ஸ் செயலிகளுக்கான ஃபிளாட்ஹப் தளத்தில் கிடைக்கும் வொர்க்பெஞ்ச் செயலி இருக்கிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், வாலா மொழிகளில் சிறு மாதிரிகள் கொண்ட நூலகமும், இடைமுகத்தை மாற்ற மாற்ற உடனே காட்டும் முன்னோட்டமும் அதில் உண்டு. எல்லா மாதிரியும் எல்லா மொழியிலும் இராது.

டபிள்யூபிஎஃப்பைப் பொறுத்தவரை நம் கருத்து சற்றுக் கடுமையானது. விண்டோஸ் மட்டுமே உள்ள அலுவலகம், சி ஷார்ப் தெரிந்த கை என்றால் அதைத் தவிர வேறு யோசிக்க வேண்டியதில்லை. 2006இல் வந்து இன்னும் பராமரிப்பில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப்-சாம்பிள்ஸ் தொகுப்பில் மாதிரிகளும் ஏராளம். ஆனால் அவற்றில் பல கோட்-பிஹைண்ட் பாணியில், பட்டன் அழுத்தலைக் கையாளும் ஃபங்ஷனுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்து எழுதப்பட்டவை. வேலைக்குப் போனால் எதிரே நிற்பது, திரையையும் அதன் பின்னுள்ள தர்க்கத்தையும் பிரித்து எழுதும் எம்விவிஎம் பாணி. மாதிரிக்கும் தொழிலுக்கும் இவ்வளவு இடைவெளி மற்ற மூன்றிலும் இல்லை. ஆகவே டேட்டாபைண்டிங் டெமோவை முதலில் எடுங்கள். எக்ஸ்பென்ஸ்இட் போன்றவை பிறகு.

டபிள்யூபிஎஃப்பில் பைண்டிங் (திரையையும் டேட்டாவையும் இணைப்பது) தவறினால் நிரல் விழாது; கட்டம் காலியாக நிற்கும், அவ்வளவுதான். விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் விண்டோவில் 'டேட்டா எரர் 40' என்று ஒரு வரி ஓடியிருக்கும். காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கும். பைண்ட் செய்தது பிராப்பர்ட்டி அல்ல, ஃபீல்டு. அல்லது பெயரில் எழுத்துப்பிழை. எரர் 40 சொல்வது இந்த இரண்டைத்தான். மற்ற இரண்டில் எரரே வராது: மதிப்பு மாறியதை அறிவிக்கும் ஐநோட்டிஃபைபிராப்பர்ட்டிசேஞ்ச்ட் இல்லாததால் திரை பழையதையே காட்டும், அப்சர்வபிள்கலெக்ஷன் போட வேண்டிய இடத்தில் சாதாரண லிஸ்ட் போட்டதால் புதிதாகச் சேர்த்த வரிசை தெரியாது. இன்னொன்றும் உண்டு: டெக்ஸ்ட்பாக்ஸில் தட்டச்சிட்டது, கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியேறிய பிறகே பிராப்பர்ட்டிக்குப் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் போக வேண்டுமானால் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கரை பிராப்பர்ட்டிசேஞ்ச்ட் என்று மாற்ற வேண்டும். தேடல்பெட்டி எழுதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள்.

டிகின்டருக்கு மாதிரிகளே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. பைத்தானை நிறுவியபோதே ஒரு பெரிய மாதிரி கணினிக்குள் வந்துவிட்டது: பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடில். அது முழுக்க டிகின்டரில் எழுதியது. மூலநிரல் ஐடில்லிப் கோப்புறையில் திறந்தே கிடக்கிறது. லினக்ஸில் பைத்தான்3-டிகே, ஐடில் பேக்கேஜ்களைத் தனியாகப் போட வேண்டியிருக்கலாம்.

தொடக்கத்துக்கு, முனையத்தில் பைத்தானை மைனஸ் எம் டிகின்டர் என்று ஓட்டுங்கள். சின்ன விண்டோ வரும். 'கிளிக் மீ' பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் எழுத்தைச் சுற்றி ஒரு சதுர அடைப்பு கூடும், பட்டன் அகலமாகும், அதற்கேற்ப விண்டோவும் வளரும். டிகின்டர் தொகுப்பின் இனிட் கோப்பில் கடைசியில் இருக்கும் டெஸ்ட் ஃபங்ஷன்தான் அது, சில வரிகள். அடுத்து ஐடில்லிப்பில் குவெரி கோப்பு. பயனரிடம் ஒரு விவரம் கேட்கும் டயலாக். எண், மாட்யூல் பெயர், உதவிக்கோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைவகுப்பு. 'என்ட்ரி_ஓகே' மெத்தட் சரிபார்த்து மதிப்பைத் தரும்; தவறென்றால் 'நன்' (மதிப்பு இல்லை) என்று திருப்பி, டயலாக் மூடாமல் அதற்குள்ளேயே தவறைச் சொல்லும். தவறான உள்ளீட்டை எப்படிக் கையாள்வது என்பதைப் பெரும்பாலான மாதிரிகள் தொடுவதே இல்லை, இது தொடுகிறது. கற்பதற்கு இது தங்கம்.

டிகின்டரின் வழக்கமான விபத்துகள்: ஃபங்ஷனுக்குள் ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிளில் போட்டால் படம் வராது, ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையில் தள்ளிவிடும், விட்ஜெட்டின் பண்பாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஃபிரேமுக்குள் பேக், கிரிட் இரண்டையும் கலந்தால் எரர். கமாண்டுக்கு ஃபங்ஷன் பெயரைக் கொடுக்காமல் அடைப்புக்குறியோடு கொடுத்தால் பட்டன் உருவாகும்போதே அது ஓடிவிடும், அழுத்தினால் எதுவும் நடக்காது.

இனி தமிழ் வாசகருக்கு மட்டுமான சோதனை. நான்கிலும் ஒரு லேபிள், ஒரு உள்ளீட்டுப் பெட்டி வைத்து 'கொக்கு' என்று எழுதுங்கள். கியூட்டி, ஜிடிகே இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி வழியாக எழுத்துகளைக் கோப்பதால் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கும். விண்டோஸில் டபிள்யூபிஎஃப்பும் சரியே. லினக்ஸில் டிகின்டரின் அடித்தளமான டிகே 8.6 மட்டும் குறிகளை வரிசையாக அடுக்கிவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, கோக்கும் படியே அங்கே இல்லை. லினக்ஸில் தமிழ் இடைமுகம் வேண்டுமென்றால் டிகின்டர் பட்டியலிலிருந்து வெளியே போகிறது, மற்ற நிறைகள் எவ்வளவு இருந்தாலும்.

அதே பெட்டியில் அதிகபட்ச நீளம் 4 என்று வைத்து 'தமிழ்' என்று தட்டச்சிட்டும் பாருங்கள். நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5. கடைசிப் புள்ளி விழாமல் 'தமிழ' என்று நிற்கும். சியில் பைட்டுகளை எண்ணினால் 15. பெயர், ஊர் போன்ற பெட்டிகளுக்கு ஆங்கில மாதிரியிலிருந்து நீள வரம்பை அப்படியே எடுத்தால் இங்கேதான் இடிக்கும்.

நீண்ட வேலையை இடைமுகத்தின் திரெட்டிலேயே (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தடம்) செய்தால் விண்டோ உறைந்துபோகும் என்பதைச் சிறு மாதிரிகள் மறைத்துவிடுகின்றன, அவற்றில் நீண்ட வேலையே இல்லை என்பதால். கியூட்டியில் இதற்கு மாண்டல்பிராட் மாதிரி: கணக்கு ஒரு திரெட்டில், வரைதல் இன்னொன்றில், இடையே சிக்னல் என்ற அறிவிப்பு. கணக்கை மெயின் திரெட்டுக்கு மாற்றி, பெரிதாக்கிக்கொண்டே போனால் உறைவது எப்படி இருக்கும் என்று கையால் தெரியும். ஐடில் இன்னும் ஒரு படி மேலே போய், பயனரின் நிரலைத் தனி புராசஸாகவே ஓட்டுகிறது. அதனால்தான் முடிவில்லா லூப் எழுதினாலும் எடிட்டர் உயிரோடு இருக்கிறது.

உரிமம் ஒரு வரியில்: கியூட்டி மாதிரிகள் பிஎஸ்டி உரிமத்தில் இருப்பதால் மூலநிரலை எடுத்து உங்கள் நிரலில் வைக்கலாம், ஆனால் கியூட்டி லைப்ரரிக்கு எல்ஜிபிஎல் நிபந்தனைகள் தனி, சார்ட்ஸ் போன்ற சில மாட்யூல்கள் இலவசப் பதிப்பில் ஜிபிஎல் மட்டுமே.

கியூட்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கால்குலேட்டருக்குப் பிறகு அனலாக் கிளாக் (வரைதலும் டைமரும்), நோட்பேட் (மெனு, கோப்பு), சிம்பிள் ட்ரீ மாடல், எடிட்டபிள் ட்ரீ மாடல், மாண்டல்பிராட் என்று போகலாம். எடிட்டபிள் ட்ரீ மாடலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்: அதில் 'பிகின்இன்சர்ட்ரோஸ்' அழைப்பையும் அதன் ஜோடியையும் நீக்கினால் வரிசை டேட்டாவில் சேரும், திரையில் வராது. திரையில் காட்டும் வியூவுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் அது பார்க்கவும் இல்லை.